இடது பக்கச் சாவி

எங்கள் ஜிகுலிக்குச் சாவித்துளை
ஸ்டியரிங்கின் இடது பக்கம்.
எண்பத்து மூன்றில் அதை அங்கே வைத்தவனுக்கு
என்ன அவசரமோ.
இருபத்தாறு வருடம் எனக்கு அது உறுத்தவில்லை.

ஜனவரியில், ஸெஸ்தாபோனி சந்தையில்,
உருளைக்கிழங்குக் கடைக்கு எதிரே
உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி
மணிக்கட்டு ஒடிந்தது.
இடது.
மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர்
மடக்கு என்றார், மடக்கினேன்.
நீட்டு என்றார், நீட்டினேன்.
திருகு என்று அவர் சொல்லவில்லை.

முதல் சொடுக்கு வரை சாவி வரும்.
சிவப்பு விளக்கு எரியும்.
அதற்கு அப்பால் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது.
நான் தள்ளுவேன், அது தள்ளும்,
ஜெயிப்பது அது.
பிறகு வலக்கையைக் குறுக்கே கொண்டுபோவேன்,
நெஞ்சு ஸ்டியரிங்கில் அழுந்தும்,
விடியாத தெருவில் ஹாரன் அலறும்.
ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு
குத்தாயிசிக்குச் சீஸ் கொண்டுபோவேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் சாவி கைமாறிவிடும்.

ஒரு ஞாயிறு மல்காஸ்
பழைய இரும்புக் கடையிலிருந்து
ஒரு பொத்தானோடு வந்தான்.
நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றில் பிடுங்கியதாம்.
சுற்றிலும் நீல வெளிச்சம் வருமாம்.
"லாக் தேய்ஞ்சுபோச்சு" என்றான்,
என்னைப் பார்க்காமல், பானெட்டைப் பார்த்து.

சிகரெட் லைட்டரைக் கழற்றி எறிந்தான்.
அந்த ஓட்டையில் பொத்தான் இறங்கவில்லை.
அரத்தால் ராவினான், ஊதினான், ராவினான்.
நெயில் பாலிஷ் இருக்கா என்றான்.
ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயருக்கு
என் செர்ரிச் சிவப்பில் ஒரு பொட்டு.
பேட்டரியிலிருந்து ஒன்று, நடுவில் ரிலே,
எங்கே போகிறதென்று அவனுக்கே தெரியாத பச்சை ஒன்று.
மூன்று மணி நேரம்
காருக்கு வெளியே அவன் கால்கள் மட்டும்.

"அழுத்து."
வைப்பர் ஆடியது.
ஒரு சொட்டு மழையில்லாத கண்ணாடியை
கர்க் கர்க்கென்று துடைத்தது.
"அழுத்து."
ஒன்றுமில்லை.
ஸ்குரூ டிரைவரைத் தேடிப் பின்பக்கம் போனவன்
அங்கிருந்தே "இப்போ" என்றான்.

கியரில் கிடந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.
தவளை மாதிரி ஒரே தாவு.
சித்சினோ வீட்டுத் திராட்சைப் பந்தல் காலை
முட்டிக்கொண்டு நின்றது.
மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சித்சினோ
சேர்த்துவைத்திருந்த சாபத்தில் பாதியை இறக்கினாள்.
மீதியை
நாங்கள் காலை நிமிர்த்தி நடும்போது.

அதற்கப்புறம்தான் அவன்
எங்கள் ஃபிரிட்ஜ் கதவின் சுவிட்சைக் கழற்றி
கிளட்ச் பெடலுக்குப் பின்னால் பொருத்தினான்.
பெடல் சும்மா இருந்தால் மூடிய கதவு.
மிதித்தால் திறந்த கதவு.
திறந்தால்தான் பொத்தான் பேசும்.
இதைச் சொல்லும்போது மட்டும்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

திங்கள், ஆறு மணி, இருட்டு.
இடக்கை ஒரு சொடுக்கு.
இடக்கால் ஒரு மிதி.
வலது கட்டைவிரல்,
காலிங் பெல் அடிக்கிற அளவுக்குத்தான்.
கிளம்பிவிட்டது.
தெருநாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சாயங்காலம் சீஸ் கணக்கு எழுத
சமையலறைக் காலண்டரைக் கழற்றினேன்.
ஏப்ரல் கட்டங்களில் சின்னச் சின்னப் பென்சில் கோடுகள்.
எட்டாம் தேதி நான்கு.
ஒன்பதாம் தேதி இரண்டு.
பதினாறாம் தேதி ஏழு; அன்று
அழுதுகொண்டே போனது நினைவிருக்கிறது.
அவன் கோடுதான், சாய்ந்து சாய்ந்து.
அந்த ஜன்னலிலிருந்து தெரு தெரியாது.
ஹாரன் கேட்கும்.
இன்றைய கட்டம் காலி.

காலண்டரை ஆணியில் மாட்டினேன்.
"லாக் ரொம்பத்தான் தேய்ஞ்சிருந்தது" என்றேன்.
"ஆமா, அடியோட போச்சு" என்றான்,
இருட்டு ஃபிரிட்ஜுக்குள் முழங்கை வரை விட்டு,
வெண்ணெய் என்று நினைத்து
வேறெதையோ எடுத்துக்கொண்டு.