ஐந்தரை

கணக்குப் புத்தகத்தை மூடாமலே கேட்டேன்.
பயம் வந்தால் விரலை ஊன்றிக்கொள்ள
ஒரு பக்கம் வேண்டும்.
"ஐந்தரைக்குப் போகவேணும், நானா.
இனி ஒவ்வொரு நாளும்."

கொட்பே ஐஸ் தொழிற்சாலையில்
காலை ஆறு தொடக்கம் இரவு எட்டரை மட்டும்
கட்டி எண்ணுகிறவன் நான்.
வள்ளங்களுக்கு எத்தனை, லொறிக்கு எத்தனை,
உருகினது எத்தனை.
உருகினதற்கும் ஒரு நிரல் உண்டு எங்கள் புத்தகத்தில்.

றம்ஸீன் நானா சிரித்தார்,
அறக்குளாவைச் சாளை விலைக்குக் கேட்டவனைப்
பார்க்கிற சிரிப்பு.
"எட்டு" என்றார்.
"ஐந்தரை."
"ஏழேமுக்கால். வெள்ளிக்கிழமை மட்டும் ஏழு."
சுவருக்கு அப்பால் கொம்பிரசர் உறுமியது.
"வேற எங்கயும் வேலை சரிவந்திட்டோ?"

இல்லை.
என் மகளின் உயரம் எனக்குப் படுக்கைவாட்டில்தான் தெரியும்.
தலையணையிலிருந்து
பாயின் மூன்றாவது சிவப்புக் கோடு வரை.
போன மாரிக்கு இரண்டாவது கோடு.
மாதத்தில் இரண்டு லீவு;
அந்த இரண்டு நாளும் உறங்குவது நான்.
இதை எப்படி முதலாளியிடம் சொல்வது?
"வீட்டில கொஞ்சம் அலுவல்" என்றேன்.

கடைசியில் கிழமைக்கு மூன்று நாள் ஐந்தரை.
மற்ற நாள்கள் பழையபடி.
சம்பளத்தில் ஆறாயிரம் குறையும்.
அது எத்தனை பால்மாப் பெட்டி என்பதை
வதனி சொல்வாள், நான் எண்ணப்போகவில்லை.
என் மாலைகளையும் சேர்த்து எண்ணப்போகிறவன் நிக்சன்.
அன்று முழுக்க அவன்
என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.
கேற்றைத் தாண்டினால் வெயில்.
இந்த றோட்டுக்கு நிறம் இருப்பதே
அன்றுதான் தெரிந்தது.
பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
வாழைப்பழத் தோல் தின்றபடி நின்றது.
முச்சக்கரவண்டிக்காரன் ஹோர்ன் அடித்தும்
நகரவில்லை.
அதற்கு அவசரம் இல்லை.
எனக்கும் இல்லை என்பது உறைக்கக்
கொஞ்சம் நேரம் பிடித்தது.
பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன்,
ஏன் ஏறவில்லை என்று தெரியாது.

படலையில் நின்றாள் கேதாரணி.
நின்றாள்!
என் சட்டையின் கடைசிப் பொத்தானைத்
தாண்டிவிட்டது அவள் உச்சி.
ஓடிவரவில்லை.
என்னை ஒருதரம், ஆகாயத்தை ஒருதரம் பார்த்துவிட்டு
உள்ளே திரும்பிக் கத்தினாள்:
"அம்மா, அப்பாவை
வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்!"

பக்கத்து வீட்டில்
றேடியோவின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.