எடைச்சீட்டு

ஆல்பேட்டையில் மூன்றாம் முறையாக
தென்பெண்ணை எங்கள் கட்டிலுக்கடியில் வந்து படுத்த இரவில்
தேசிங்கு சொன்னான்:
இனிமேல் வீட்டுக்குச் சக்கரம் வைத்துவிடலாம்.
போதையில் உளறுகிறான் என்று நினைத்தேன்.
போதை இல்லை.
தண்ணீர் முழங்கால்வரை இருந்தது, அவ்வளவுதான்.

சிப்காட் பக்கம் இஞ்ஞாசியின் பட்டறையில்
ஆறு மாதத்தில் வீடு எழுந்தது.
இரும்பு எலும்பு, தகரத் தோல்,
ஓர் அடுப்புமேடை, மடக்குக் கட்டில்,
கடல் பக்கம் ஒரு ஜன்னல்.
எங்கே நிறுத்தினாலும் அதற்குக் கடல் பக்கம் என்றுதான் பேர்.

வீடு ரெடி. இழுத்துப்போக ஆளில்லை.

ரெட்டிச்சாவடி யார்டுக்கு
வீட்டோடு மாப்பிள்ளை தேடிப் போனோம்.
முதலில் ஒரு பொலேரோ, புதுச்சேரி நம்பர்.
மீன் ஏற்றியே பிழைத்தது போல, கதவைத் திறந்ததும்
பழைய ஐஸ் வாசனை இறங்கி வந்து விசாரித்தது.
அடுத்தது நாலு நாலு ஏழு.
பலசாலிதான். உள்ளே உட்கார்ந்தால்
பல்லெல்லாம் தனித்தனியாகப் பேசியது.
கடைசியில், வேப்பமரத்தடியில்,
காக்கை எச்சம் பூசிய வெள்ளை இசுசு.
சிமெண்ட் வியாபாரி வைத்திருந்ததாம்.
"மலையையே இழுக்கும்மா" என்றார் பரசுராமன்.
மலை இருக்கட்டும், என் வீட்டை இழுக்குமா என்றேன்.
"வீடு எவ்வளவு வெயிட்?"

அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்காத கேள்வி.
வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு,
எத்தனை பேர், சைவமா என்று கேட்டிருக்கிறார்கள்.

இஞ்ஞாசியின் டிராக்டர் வீட்டை முதுநகர் எடைமேடைக்கு இழுத்து வந்தது.
கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர்க் குடங்கள், இரண்டு மூட்டை அரிசி,
தையல் மிஷின், அவன் விடாமல் வைத்திருக்கும் கேரம்போர்டு
எல்லாம் உள்ளே.
"ஆளுங்க இறங்குங்க" என்றான் சீட்டுப் பையன்.
வெள்ளம் வரும்போது நானும் உள்ளேதான் இருப்பேன்,
சேர்த்தே போடு என்றேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.

மெக்கானிக் ரஹ்மத்துல்லா சீட்டைப் படித்தார்.
கம்பெனித் தாளில் போட்டிருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.
குனிந்து பின்பட்டைகளை எண்ணினார். டயரைத் தட்டினார்.
"வால்ல கட்டாத. ஆட்டம் காட்டும்.
முதுகுல உட்கார வை, பின் அச்சுக்கு ஒரு சாண் முன்னால.
அஞ்சுல ஒரு பங்கு எடை அங்க ஏறும்.
புள்ளைய இடுப்புல வெச்சா நடக்கலாம்.
காலைப் புடிச்சுத் தொங்கவிட்டா?"
எனக்குப் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியாது.
இடுப்பு தானாகச் சாய்ந்து ஒரு கணம் இடம் கொடுத்தது.

பிறகு கேப்பர் மலை.
கடலூரில் ஏறுவதற்கு அதை விட்டால் பாலங்கள்தான்.
வெள்ளை வண்டியின் முதுகில் இஞ்ஞாசி பற்றவைத்த தாங்கி,
அதில் வீட்டின் கழுத்து.
செம்மண் சரிவில் இரண்டாம் கியரில்
முனகியது, புகைத்தது, ஏறிவிட்டது.
தேசிங்கு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"ஏறுறத எவனும் ஏறுவான்" என்றார் ரஹ்மத்துல்லா. "திருப்பு. இறக்கு."

இறங்கும்போதுதான் தெரிந்தது
பின்னால் வருவது வீடு என்று.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோவும்
எங்களுக்கு முன்னால் கடலுக்குப் போக அவசரப்பட்டது.
உள்ளே ஒரு குடம் உருண்டது.
அவன் மிதித்தான். நானும் மிதித்தேன்,
என் காலடியில் பிரேக் இல்லாவிட்டாலும்.
முந்திரித் தோப்பு முடியும் இடத்தில், ஓர் ஆட்டுக்குட்டிக்கு
நாலடி முன்னால்
நின்றது.
குட்டி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் முன்பணம் கொடுத்தோம்.
வீட்டுக்குத் தனி பிரேக் வைக்க இன்னும் பதினெட்டாயிரம்;
கேரம்போர்டு போகிறது, கூடவே என் இரண்டாவது வளையல்.
ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்:
இது வீடா, வண்டியா?

பட்டா இல்லை, வரி ரசீது இல்லை.
வாழ்நாளில் வீடென்று எங்கள் பேருக்கு வந்த
முதல் காகிதம்
அந்த எடைச்சீட்டு.
கடல் பக்க ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன்.
மை ஏற்கனவே வெளுக்கிறது.
நாளைக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கவேண்டும்.