கீழ்க்கட்டில்

கைப்பேசிகளை வாங்கித்
தலையணை உறை ஒன்றில் போட்டு முடிச்சிட்டார்
சிஸ்டர் எமரென்சியா.
ஞாயிறு மதியம்வரை
யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்,
கூப்பிடுகிறவர் கூப்பிடுவார் என்றார்.

தேவனாம்பட்டினத்துத் தியான இல்லம்.
அலைச்சத்தம் சமையலறைவரை வரும்.
தெற்குக் காற்று திரும்பினால்
சிப்காட் வாடையும் வரும்,
பெயர் கொடுக்காமலே.

என் பெயரைக் கொடுத்தவள் சலேத்.
'மூணு நாள் போய்ட்டு வா,
அதுக்கப்புறம் வீட்ல கத்து' என்றாள்.

அறை எண் ஆறு. இரட்டை அடுக்குக் கட்டில்.
ஒட்டியிருந்த சீட்டில்
மேலே: சின்னப்பன், முதுநகர்.
கீழே: ஞானாதிக்கம், முதுநகர்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சீட்டை முதல் மாதமே தள்ளி எடுத்தவன்,
மூன்றாம் மாதத்திலிருந்து கட்டாதவன்.
நாலு வருஷமாய் ஒரே தெரு.
அவன் வரும் பக்கம்
நான் செருப்பு வாரைச் சரிசெய்வேன்.

நல்லவேளை, மௌனம் என்று அறிவித்தார்கள்.
ஒருவனோடு பேசாமலிருக்க
முதல் முறையாய் எனக்கொரு
புண்ணியமான காரணம்.

சனிக்கிழமை ஃபாதர் சிங்கராயர்
எழுபது தடவை ஏழு என்று பிரசங்கித்தார்.
பக்கத்திலிருந்தவர் அழுதுகொண்டிருந்தார்.
நான் பாட்டுத்தாளின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்:
நானூற்றுத் தொண்ணூறு மன்னிப்பு,
ஒன்றுக்கு இருநூற்று எண்பத்தைந்து ரூபாய் சொச்சம்.
வட்டி சேர்க்கவில்லை.
பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
முன்வரிசை முழுதுக்கும் கைகூப்பினேன்.
பின்னால் அவன் நின்றான்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
மின்விசிறி நின்றதும்
அவன் குறட்டை மட்டும் மிஞ்சியது.
மணலில் விசைப்படகை இழுப்பதுபோல்
ஓர் இழுப்பு,
பிறகு சட்டென்று ஒன்றுமில்லை.

சும்மா எண்ணினேன்.
ஒன்பதில் திரும்ப வந்தது.
அடுத்த தடவை பதினான்கு.
தலையணையால் காதைப் பொத்தி
'ஆண்டவரே, இவனை நிறுத்தும்' என்றேன்.

பதினேழு. பதினெட்டு.
கடல்கூட ஒரு அலை தள்ளி வைத்தது.
இருபத்திரண்டு.
மூச்சு விடுடா.
இருபத்தாறு.
டேய், விடுடா, விடு,
ஆண்டவரே நான் சொன்னதை எடுத்துக்காதீர்.

ஏணியில் பாதிதான் கால் பட்டது.
தோளைப் பிடித்துப் புரட்டினேன்.
நெல்மூட்டை கனம், வேர்வை, தைல வாசம்.
பெரிய சத்தத்தோடு உள்ளே போனது காற்று.
'தண்ணி' என்றான் கண் திறக்காமல்.
என் பாட்டிலிலிருந்தே கொடுத்தேன்.
விடியும்வரை தரையில் உட்கார்ந்து
அவன் மூச்சை எண்ணினேன்,
ஜெபமாலை இல்லாமல்,
பத்துப் பத்தாக.

ஞாயிறு காலை சாட்சி சொல்லும் நேரம்.
நெய்வேலிக்காரர் ஒளியைப் பார்த்ததாய்ச் சொன்னார்.
ஞானாதிக்கம் எழுந்தான்.
'ராத்திரி யாரோ என்னைப் புரட்டிப் படுக்க வச்சாங்க.
சம்மனசா இருக்கும்.'
எல்லோரும் கைதட்டினார்கள்.
நான் என் பித்தவெடிப்புக் குதிகாலைப் பார்த்தேன்.
அவன் உட்காரும்போது சொன்னான்:
'சம்மனசு கையில பீடி நாத்தம்.'

சாப்பாடு முடிந்து சாம்பார் அண்டாவைக்
கழுவ இருவர் தேவைப்பட்டது.
அவன் ஒரு காது, நான் ஒரு காது.
பணத்தைப் பற்றி அவன் பேசவில்லை.
நான் கேட்கவுமில்லை.
மன்னித்துவிட்டேனா என்றால், தெரியாது.
அண்டா கனமாயிருந்தது,
சேர்ந்துதான் கவிழ்க்க முடிந்தது.

வீட்டு வாசலில் சலேத்.
'என்ன கத்துக்கிட்டு வந்தே?'

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்:
'ஞானாதிக்கம் பொண்டாட்டிகிட்ட
ஒரு வார்த்தை சொல்லிட்டு வா.
அவன மல்லாக்கப் படுக்க விடக் கூடாதாம்.'