நேர வலயம்: கொழும்பு

யுனிட்டி பிளாசாவில் இரண்டாம் மாடி.
கண்ணாடி மேசையில் பதினேழு லேப்டொப்புகள்
மீன்கடைப் பாரைகளைப் போல வாய்திறந்து கிடக்கின்றன.
செவுளைத் தூக்கிச் சிவப்புத் தேடுபவளாய்
ஒவ்வொன்றின் மூடியையும் தூக்கிப் பார்க்கிறேன்.

கைப்பையில் எண்பத்தையாயிரம்.
சீட்டுக் காசு அறுபது. மிச்சம்
மருந்துக்கடையில் ஞாயிறும் நின்று சேர்த்தது.
ஸ்காபரோவிலிருந்து சுகிர்தன் அத்தான் சொல்லியிருந்தார்,
"எடுத்தால் மேக் எடு, பத்து வருசம் பாவிக்கலாம்."
அவருடைய பத்து வருசம்
என்னுடைய இருபது மாத அறைவாடகை.

வகுப்பில் ஜெரோஷா சொன்னது வேறு:
எட்டு ஜீபீ ரேம் காணாது, பதினாறு கேள்.
பற்றரியைக் கழற்றி ஊதியிருக்கா எண்டு பார்.
துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
பின்பக்கத்தில் அமொக்சிசிலின், நாளுக்கு மூன்று.

கடைக்கார இன்ஷாப் தமிழில் தொடங்கி
பின்னால் நிற்பவருக்குச் சிங்களத்தில் விலை சொல்லி
விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்:
"தங்கச்சி, இது ஜப்பான் சாமான். அங்க ஒபிஸுல
ஏசிக்குள்ளயே இருந்தது. பாவிச்ச மாதிரியே இல்ல பாருங்க."
விசைகளில் ஜப்பான் எழுத்து.
"அதுக்குத்தான் விலை குறைவு."

விண்டோஸ் போட்டு, படம் வெட்டும் மென்பொருள் போட்டு
எல்லாம் சும்மா தருகிறாராம்.
சும்மா வரும் விண்டோஸின் வலது மூலையில்
மங்கலாய் ஒரு வரி முளைத்து
நீ காசு கட்டவில்லை என்று
மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.
துண்டில்லாமல் மருந்து கேட்பவர்களிடம்
இல்லை, இல்லை என்றே பழகிய வாய் எனக்கு.
"ஒன்றும் போடவேண்டாம் அண்ணா."
"ஒண்டுமா?"
"ஒன்றும்."
கூரையில்லாத வீட்டை வாடகைக்குக் கேட்டவளைப் போல
என்னைப் பார்த்தார்.

எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பை இனாம்.
நூறாம் இலக்க பஸ்ஸில், பிரேக்குக்குப் பிரேக்
அதை அணைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் இறங்கினேன்.

இரவு பத்து. பென்டிரைவில் லினக்ஸ்.
எந்த மொழி என்றது.
கீழே கீழே போய்த் தமிழைத் தொட்டேன்.
பாதி வசனம் தமிழ், மீதி ஆங்கிலம்,
எங்கள் மானேஜர் கதைப்பது மாதிரி.
பிறகு உலகப்படம். கடலுக்குள் ஒரு புள்ளி.
அதில் அமத்த, நேர வலயம்: கொழும்பு.
உங்கள் பெயர்?
இந்தக் கணினியின் பெயர்?

அங்கே நின்றுவிட்டேன்.
இதே ஒழுங்கையில், எனக்கு ஏழு வயதில்
அம்மா நிரப்பிய பொலிஸ் பதிவுத்தாளில்
எனக்கும் ஒரு வரி இருந்தது.
சொந்த இடம். வந்த திகதி.
கொழும்பில் தங்கியிருக்கக் காரணம்.
'பிள்ளையின் படிப்பு' என்று எழுதினாள்.
அப்போது எந்தப் பள்ளிக்கூடமும்
என்னைச் சேர்த்திருக்கவில்லை.

திரையில் அந்தக் கட்டத்தைத் தேடினேன்.
உருட்டினேன். மேலே போய் மறுபடி உருட்டினேன்.
'தொடர்க' மட்டும்தான் இருந்தது.

பெயர்: துளசிகா.
அப்பாவின் பெயரை அது கேட்கவில்லை.
கணினியின் பெயர்: பாரை.
ஆங்கில எழுத்தில்தான் ஏற்றுக்கொண்டது.

வைஃபை பிடிக்கவில்லை.
கைபேசியைக் கேபிளால் கட்டி, டேட்டா தீரமுன்
வேண்டியதை இறக்க ஒரு மணியாயிற்று.
மேற்கோள் குறி என்று அச்சடித்த விசையை அமத்தினால்
மின்னஞ்சல் குறி வந்து நிற்கிறது.
அடைப்புக்குறிகள் எல்லாம் ஒரு வீடு தள்ளி
குடிமாறிப் போயிருக்கின்றன.
ஒவ்வொரு கதவாய்த் தட்டித் தட்டி
எழுதுகிறேன், அழிக்கிறேன்.

பதினோராம் வரியில் பிழை என்கிறது.
கடலோரம் முதல் ரயில் போக
மேசையில் தேத்தண்ணிக் கோப்பை நடுங்குகிறது.
எட்டு மணிக்குக் கடை திறக்கவேண்டும்.
பதினோராம் வரியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
பத்தாம் வரியைப் பார்க்கிறேன்.