ஏழு மில்லிமீட்டர்

வெள்ளவத்தையில்
நகைக்கடைக்கும் தோசைமா விற்கிற கடைக்கும் நடுவே
ஒடுங்கிய படி ஏறினால் கண் பரிசோதிக்கும் அறை.
சுவர் அட்டையில் மூன்று மொழி எழுத்துகள்.
"எதில வாசிப்பீங்க?" என்றார் ரிஸ்மியா.
மூன்றிலும் வாசிப்பேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சிங்களத்தில் ஆறாவது வரி வரை போனேன்.
தமிழில் ஐந்தாவதிலேயே
ழ-வும் மு-வும் ஒன்றாகிவிட்டன.

"கண்ணாடி இருக்கே, ஏன் லென்ஸ்?"

புதுக்கடை நீதிமன்றத்தில்
மின்விசிறி என் பக்கம் திரும்புவதில்லை என்றேன்.
வேர்வையில் கண்ணாடி வழுக்கி இறங்குகிறது,
ஒரு கையில் பேனை, மறு கையில் குறிப்புக் கொப்பி,
மேலே தள்ளிவிட ஆளில்லை என்றேன்.
பொய்யில்லை.
முழுவதும் இல்லை.

கீழ் இமைக்குள் மெல்லிய காகிதத் துண்டைச் செருகினார்.
ஐந்து நிமிஷம். கதைக்கலாம், கசக்கக் கூடாது.
அவரே கதைத்தார்:
மாத லென்ஸ் மலிவு, ஆனால் ராத்திரி ராத்திரி கழுவோணும்,
களைச்சு வந்து ஒருநாள் மறந்தாலும் கண் மன்னிக்காது.
கடின லென்ஸ் நல்ல துல்லியம், ஆனால்
புறக்கோட்டைத் தூசி ஒன்று உள்ளே போனால்
பஸ்ஸுக்குள்ளேயே நின்று அழுவீங்க.
உங்களுக்குப் பார்வையில் சாய்வும் இருக்கு,
சாதாரணம் சரிவராது, டொரிக்தான்,
அது கண்ணுக்குள் சுழலாமல் நிக்கோணும்.

காகிதத்தை உருவி அளவுகோலில் வைத்தார்.
"ஏழு மில்லிமீட்டர். பத்தாவது வேணும்.
கண்ணீர் குறைவு."

எனக்குச் சிரிப்பு வந்தது.
"அழுகை வேற," என்றார் அவர் சிரிக்காமல்.
"அழாத நேரம் கண்ணில நிக்குதே, அதைச் சொல்றன்.
லென்ஸ் மிதக்கிறது அதில."

சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக் கூடாது.
அப்படித்தான் பழக்கினார்கள்.
மே மாதம் ஒரு தாய்,
பொலித்தீன் உறைக்குள் இருந்த சேட்டைப் பார்த்து,
மூன்றாவது பொத்தான் நான் தைச்சது,
வெள்ளை நூல் முடிஞ்சு போச்சு,
நீலத்தால தைச்சன் என்றாள்.
நான் சிங்களத்தில் சொன்னேன்:
நீலத்தால தைச்சன்.
மகன் பேசினானா என்றார்கள்.
எனக்கு நீலம் பிடிக்காது என்று பேசினான் என்றேன்.

அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
அழுக்கு எதுவும் இல்லை.
மைனஸ் நான்கரையின் புகைக்குள்
அவள் முகம் வெறும் மண்ணிறமானது,
குரல் மட்டும் வந்தது,
வசனம் பிசகவில்லை.
அதன் பிறகு பலமுறை துடைத்திருக்கிறேன்.

"நடுவில கழற்றலாமா?" என்று கேட்டேன்.
"ஓ. கை கழுவி, ஈரம் துடைச்சு,
கண்ணாடிக்கு முன்னால நின்று."
"சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில?"
ரிஸ்மியா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அங்க ஏலாது," என்றார்.

அன்றன்று போட்டு அன்றன்று எறிகிற டொரிக்.
ஒரு சோடி என் இரண்டு நாள் பகல் சாப்பாடு.
கிழமைக்கு மூன்று நாள் வழக்கு, அந்த நாட்களுக்கு மட்டும்.
மற்ற நாள் பழைய கண்ணாடி,
கண் தன்பாட்டில் கிடக்கட்டும்.

விரல் நுனியில் வைத்துக் காட்டினார்:
கிண்ணம் மாதிரி நின்றால் சரி,
தட்டு மாதிரி விளிம்பு விரிந்தால் உள்வெளி மாறியிருக்கு.
முதல் தடவை கன்னத்தில் ஒட்டியது.
இரண்டாவது நிலத்தில் விழுந்தது, இருவரும் தவழ்ந்து தேடினோம்.
நான்காவதில் கண் அதை விழுங்கிக்கொண்டது.

காலி வீதியில் இறங்கினேன்.
ஒழுங்கை முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல்,
உப்புக் காற்றுக்குக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
நூற்றியொன்று தூரத்தில் வரும்போதே
இலக்கம் தெரிந்தது.
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஒரு பையன்,
காற்றில் உப்பிய சேட்டு.
ஒன்று, இரண்டு என்று
பொத்தான்களை எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.