பார்வைக் குறிப்பு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
தெரிந்துதான் விட்டேன். அறுபது அடி.
அந்த அறுபது அடி
கடல் மட்டத்துக்கு மேலே ஆறாயிரத்துச் சொச்சம் அடியில்
கிடந்ததுதான் வேடிக்கை.
என் அட்டவணை இந்த உயரத்தை அறியாது,
பென்சிலால் ஓரத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டேன்.

எமரால்டில் ஜனவரி. புல்வெளி முழுக்க உறைபனி.
தூத்துக்குடிக்காரனுக்கு அது முதலில் உப்பென்றே பட்டது.
நன்னீர் அவ்வளவு தூக்கிப் பிடிக்காது என்று
இடுப்புப் பட்டையில் இரண்டு ஈயக்கட்டி குறைத்தேன்.
போஜன் கயிற்றின் மறுமுனையோடு மதகுச் சுவரில் நின்றார்,
கம்பளித் தொப்பி, உதட்டில் அணைந்த பீடி.
ஒரு இழுப்பு: நலம். இரண்டு: தளர்த்து. நாலு: தூக்கு.
"அப்ப மூணு?"
"மூணுக்கு ஒண்ணும் வைக்கல."

ஐந்தடியில் பச்சை.
பத்தில் தேயிலைச் சாயம்.
இருபதில் விளக்கு தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.
குளிர் முதலில் பல்லிடுக்கில் நுழைந்தது,
பிறகு மணிக்கட்டுச் சந்தில்,
பிறகு எந்த வழியாக என்று கேட்க முடியாதபடி.

அதற்குக் கீழே கைதான் பார்த்தது.
கம்பி, கம்பி, யூகலிப்டஸ் கிளை, உரச்சாக்கு,
நாற்காலியின் ஒற்றைக் கால், கம்பி.
ஏழாவதில் இன்னொரு கிளை, ஆனால் நுனி வழவழப்பு.
அதன் வழியே போனேன்.
நெற்றி.
கண் இருந்த குழி.
கடமான்.

எங்கள் கடலில் இழுப்புக்குப் பெயருண்டு,
வாநீவாடு, சோநீவாடு.
பெயர் தெரிந்தால் சாய்ந்து கொடுக்கலாம்.
இங்கே சுரங்கத்தின் மறுமுனையில்
நண்பகல் வரை எல்லா மெஷினும் நிற்கும் என்று
கையெழுத்துப் போட்ட தாள்தான் இருந்தது.
பத்து மணிக்கு அங்கே ஷிஃப்ட் மாறியது.

முதலில் மான் அசைந்தது, உயிர் வந்ததுபோல.
பிறகு என் இடது தோள் கம்பியோடு ஒட்டியது,
பிறகு முழங்கால் கம்பிகளுக்கு நடுவே.
யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் இல்லை,
ஏரி என்மேல் சாய்ந்து படுத்ததுபோல.

வலது கை கயிற்றில் இருந்தது.
ஒன்று, பொய்.
இரண்டு, கேடு.
நாலு இழுத்தால் போஜன் தூக்குவார்,
நான் வருவேன், முழங்கால் வருமா தெரியாது.
மூன்று இழுத்தேன்.
இருந்த எண்களில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதது அது.
மறுபடி மூன்று.

காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கண் வேண்டும்.
மூச்சை எண்ணினேன்.
நூற்று நாற்பதில்
மகள் காதுகுத்துக்கு வாங்கிய கம்மலின் பாக்கி
நினைவுக்கு வந்தது.
இருநூற்றுப் பத்தில் அதுவும் வரவில்லை.

பிறகு, காரணம் சொல்லாமல்,
ஏரி எழுந்து உட்கார்ந்தது.

மேலே வந்துவிட்டேன் என்பதே தெரியவில்லை.
அணைமேல் மேகம் இறங்கியிருந்தது.
கீழே பழுப்பு, மேலே வெள்ளை,
அவ்வளவுதான் வித்தியாசம்.
"மச்சாது... மச்சாது..."
எந்தப் பக்கமிருந்து என்று புரியாமல்
கயிற்றைப் பிடித்தே குரலிடம் போனேன்.

கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு
ஃபோன் இருக்கும் அறைக்கு ஓடினாராம்.
"மூணாம் நம்பர் மெஷின்தானே
நேத்து ரிப்பேர்லேர்ந்து வந்துச்சு?
அதைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."
நான் அதைச் சொல்லவில்லை என்று
நான் சொல்லவில்லை.
டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை,
அவரே ஊட்டினார், அரை டம்ளர், சூடு நாக்கில் உறைக்கவில்லை.

உதவிப் பொறியாளர் படிவம் நீட்டினார்.
'கண்ணால் கண்ட குறைபாடுகள்' என்றொரு கட்டம்.
நான் சொல்லச் சொல்ல போஜன் எழுதினார்:
ஏழாம் கம்பி. கடமான் ஒன்று. ஆண்.
கொம்பு உடையவில்லை.
நாளை எடுக்கப்படும்.