நிகர எடை

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
எடை மேடைச் சன்னலுக்குப் பின்னால்
பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.
சரக்கோடு வரும் வண்டிக்கு ஓர் எடை,
காலியாய்த் திரும்பும் வண்டிக்கு ஓர் எடை,
கழித்தால் வருவது காசு.

இப்போது நானே வண்டி.
தொப்புளுக்கு வலப்பக்கம்
சிவப்பாய், ஈரமாய் ஒரு வாய்.
அதற்குப் பல் இல்லை, நேரங்காலம் இல்லை.
அதன்மேல் ஒட்டிய பை.

பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்து எழுதுகிறேன்:
உள்ளே போனது, வெளியே வந்தது.
மருந்து ஏறிய மூன்றாம் நாள்
ஆயிரத்து எழுநூறு மில்லி.
கெண்டைக்கால் கயிறாய் முறுக்கிற்று.
நாக்கு, சித்திரை மாதத் தென்பெண்ணை.

நர்ஸ் ஜெனிட்டா போனில்
சுகமா என்று கேட்பதில்லை.
"என்ன பதம்க்கா?"
தண்ணியா, மோரா, கஞ்சியா, கூழா?
அடுப்படியில் பழகிய சொற்களெல்லாம்
என் வழியே இறங்கி
மறுபக்கம் வந்து நிற்கின்றன.
"கூழ் வரைக்கும் கொண்டாந்துடுங்க.
அதுக்கு மேல இறுகினா அடைச்சுக்கும்."

ஆக, குழைந்த சோறு.
உப்புப் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி.
சோற்றோடு தண்ணீர் கூடாது,
அரைமணி கழித்து
உப்பும் சர்க்கரையும் கரைத்த பொட்டலத் தண்ணீர்,
மடக்கு மடக்காய்.
கடலை இல்லை. தேங்காய்ச் சில் இல்லை.
சோளக்கதிர் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.
இரவு ஏழுக்குமேல் தட்டைத் தொட்டால்
இரண்டு மணிக்குப் பை வந்து எழுப்பும்.

ஒருமுறை நான் புத்திசாலி ஆனேன்.
பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்
காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
உள்ளே போகாதது எப்படி வெளியே வரும்?
பதினெட்டு வருடக் கணக்கு.
சூளகிரி தாண்டும்போது
சேலைக்குள் பை பூரியாய் உப்பிற்று.
அடியில் வெறும் நீர், சலசலவென்று.
பக்கத்து இருக்கைப் பெண்
ஒன்றும் கேட்காமல் சன்னலைத் திறந்தாள்.
"பட்டினி கெடந்தா குடல் சும்மா கெடக்குமாக்கா?" என்றாள் ஜெனிட்டா,
"ரெண்டு இட்லியாச்சும் போடுங்க."

களி தின்னலாமா என்று கேட்டேன்.
சலித்த மாவில், சின்ன உருண்டை,
முப்பது தடவை மென்றால் சரி என்றாள்.
களியையா?
எங்கள் பக்கம் களியை மெல்லுபவன் அசலூர்க்காரன்.
பிட்டு, குழம்பில் புரட்டி,
தொண்டைக்குள் வழுக்கி விடுவதுதான்.
நான் மென்றேன்.
எதிரே திம்மராயன்
தன் உருண்டையை விழுங்காமல்
கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்தார்.
அப்புறம் அவரும் மெல்ல ஆரம்பித்தார்,
இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.
"இதுக்கு இப்படி ஒரு ருசி இருக்குதா" என்றார்.
அசைபோடும் இரண்டு மாடுகள்.
பதினேழோ பதினெட்டோ, எண்ணிக்கை விட்டுப்போய்
இருவருக்கும் சிரிப்பு முட்டிற்று.

ஆனி வந்தது.
ஆலை வாசலில் பெங்களூரா ஏற்றிய லாரிகள்
மேம்பாலம் வரைக்கும் நின்றன.
வாசனைக்குத்தான் போனேன்.
யாரோ கையில் வைத்த செந்தூராவில்
தோல் சீவி, நார் பார்த்து, இரண்டு துண்டு.
முப்பது தடவை.
மாம்பழத்துக்கு முப்பது போதாது.

லாரிகளுக்கு நடுவே மேடை காலியாய்க் கிடந்தது.
ஏறி நின்றேன்.
அது பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்,
என்னைப் போன்றதற்குக் கண் திறக்காது.
இருந்தும் சிவப்பு எண்
நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே
கொஞ்ச நேரம் தடுமாறிற்று.

சன்னலுக்குள் இப்போது ஒரு பையன், முனிராஜு.
ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு
சிரிக்காமல் கேட்டான்:
"காலி வண்டியா அக்கா, சரக்கா?"

இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடாய் இருந்தது.
"சரக்கு" என்றேன்.